நிறுத்தி நிற்பதும் அசைந்து நிற்பதும்

ஒரே ஆசிரியரிடம் படித்த இருவர் ஒரே ஆசனத்தை இவ்வளவு வேறாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று பார்ப்பவர்களுக்கு வியப்பு வரும். திரிகோணாசனத்தையே எடுத்துக்கொள்வோம். பி.கே.எஸ். ஐயங்காரின் வழியில், கால்களை மூன்று, மூன்றரை அடி அகட்டி, வலப்பாதத்தை முழுக்க வெளியே திருப்பி, முழங்கால் சில்லை மேலே இழுத்துப் பிடித்து, பக்கவாட்டில் சாய வேண்டும். வலக்கை கணுக்காலையோ தரையையோ தொட, இடக்கை நேர் மேலே நீள, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அப்படியே நிற்க வேண்டும். டி.கே.வி. தேசிகாச்சாரின் வழியில் மூச்சு உள்ளே வரும்போது கைகள் விரியும். வெளியே போகும்போது உடம்பு சாயும். அடுத்த மூச்சு உள்ளே வரும்போது உடம்பு எழுந்துவிடும். இப்படிச் சில முறை போய்வந்த பிறகுதான், அதுவும் உடம்பு இடம்கொடுத்தால்தான், கீழே சில மூச்சுகள் தங்குவது. முழங்கால் கொஞ்சம் மடங்கினாலும் குற்றமில்லை.

முன்னது நிறுத்தி நிற்பது, பின்னது அசைந்து நிற்பது. கால்வலுவுக்கும் தடுமாறாத நடைக்கும் என்று ஆசனம் பழக வருகிறவருக்கு இவற்றில் எது பொருந்தும்? இந்தக் கேள்வியைச் சென்னையின் மீனவர் குடியிருப்பான நொச்சிக்குப்பத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே கடலை ஒட்டிப் போகும் லூப் சாலையில், விடியற்காலையில் இரண்டு விதமான உடம்புகளைப் பார்க்கலாம். ஒன்று, ஷூ மாட்டிக்கொண்டு நடக்க வருகிற மயிலாப்பூர், மந்தைவெளிக்காரர்களுடையது. மற்றது, ஃபைபர் போட்டைக் கரையேற்றுகிறவர்களுடையதும், மீனைக் கூடையில் கொட்டித் தரம் பிரிக்கிற பெண்களுடையதும். யோகா என்று எழுதப்படுவதெல்லாம் முதல் உடம்பை மனத்தில் வைத்துத்தான் எழுதப்படுகிறது. காலும் இடுப்பும் சரியாக இருந்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருக்கிறவர்கள் இரண்டாவது வகையினர். அவர்களை வைத்து இந்த இரு வழிகளையும் எடைபோட்டுப் பார்ப்பதே நியாயம் என்று நினைக்கிறேன்.

இருவருடைய வழியும் ஏன் பிரிந்தது என்பதற்கு விடை ஆசிரியரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1888-இல் பிறந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1930-களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். மாணவர்கள் இளைஞர்கள்; மன்னர் முன்னும் பொதுமக்கள் முன்னும் செய்துகாட்ட வேண்டியவர்கள். அவருடைய மனைவியின் தம்பியான ஐயங்கார் 1934-இல் அங்கே வந்து சேர்ந்தபோது வயது பதினாறுகூட ஆகவில்லை. மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று வரிசையாகப் பட்டு நொந்த உடம்பு அது. 1937-லேயே புணேவுக்கு அனுப்பப்பட்டுவிட்டார். ஆசிரியரோடு இருந்தது குறைந்த காலம்; அதன் பிறகு தன் உடம்பையே ஆசிரியராக்கிக்கொண்டு, எந்த எலும்பு எங்கே நின்றால் எந்தத் தசை விழித்துக்கொள்கிறது என்று தனியே தேடியவர். அந்தத் தேடலின் பலன் 1966-இல் வெளிவந்த 'லைட் ஆன் யோகா'. அந்த நூலில் ஆசனங்கள் தொடங்குவதே நிற்பதிலிருந்துதான்: முதலில் தாடாசனம், அடுத்து விருட்சாசனம், பிறகு திரிகோணாசனம்.

தேசிகாச்சார் 1938-இல் பிறந்தவர், பொறியியல் படித்தவர். அவர் 1960-களில் தந்தையிடம் பயிலத் தொடங்கியபோது கிருஷ்ணமாச்சாரியார் எழுபதைத் தாண்டிவிட்டார். சென்னையில் குடியேறியும் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இங்கே அவரைத் தேடி வந்தவர்கள் இளைஞர்கள் அல்லர். முதுகுவலிக்காரர்கள், ஆஸ்துமாக்காரர்கள், பிள்ளை பெற்ற பெண்கள், பணி ஓய்வு பெற்றவர்கள். ஒவ்வொருவராக உட்காரவைத்து, நாடி பார்த்து, மூச்சைக் கவனித்து, அவரவருக்கென்று பயிற்சி வகுத்துக்கொடுத்த கிருஷ்ணமாச்சாரியாரைத்தான் மகன் பார்த்தார். மைத்துனர் கண்டது வேறொரு வயதில், வேறொரு ஊரில் இருந்த கிருஷ்ணமாச்சாரியாரை. 1976-இல் தேசிகாச்சார் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் மந்தைவெளிப் பக்கத்தில் இருக்கிறது. நொச்சிக்குப்பத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஐயங்காரின் நிலையம் 1975-இல் புணேயில் திறக்கப்பட்டது.

இருவரிடமும் பாடம் கேட்ட ஒருவர் உண்டு: சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. பல ஆண்டுகள் ஐயங்காரிடம் பயின்ற அவர், 1960-களின் நடுவில், எழுபது வயதை ஒட்டி, தேசிகாச்சாரிடம் வந்தார். அடையாறு கிரீன்வேஸ் சாலையில் உள்ள வசந்த விகாரில் அந்தப் பாடங்கள் நடந்தன. இதை வைத்து இன்னாருடைய வழிதான் உயர்ந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது அதைவிட எளியது. ஐம்பதில் ஓர் உடம்பு கேட்பதும் எழுபதில் அதே உடம்பு கேட்பதும் வேறு.

நின்றுசெய்யும் ஆசனங்கள் பழமையானவையா என்ற கேள்வியையும் இங்கேயே தொட்டுவிடலாம். பதினைந்தாம் நூற்றாண்டின் ஹட யோகப் பிரதீபிகை விவரிக்கும் பதினைந்து ஆசனங்களில் ஒன்றுகூட நின்று செய்வதில்லை. பின்னால் வந்த கேரண்ட சம்ஹிதையின் முப்பத்திரண்டில் விருட்சாசனம் இருக்கிறது. திரிகோணாசனமும் வீரபத்திராசனமும் இல்லை. இன்று வகுப்பறைகளில் நாம் காணும் நின்ற ஆசனங்களின் பெரும்பகுதி மைசூர் யோகசாலைக் காலத்திலும் அதையொட்டியும்தான் இப்படி ஒழுங்கான வடிவம் பெற்றது. ஆனால் ஒற்றைக்காலில் நிற்பது நமக்குப் புதிதில்லை. இதே கடற்கரையில் தெற்கே போனால் மாமல்லபுரத்தில், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் பாறைச் சிற்பத்தில், விலா எலும்பு தெரிய ஒரு தவசி கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கிறார். கீழே ஒரு பூனையும் அவரைப் போலவே நிற்கிறது. பூந்தமல்லிக்கு அருகே மாங்காட்டில் அம்மன் நெருப்பின்மேல் ஒற்றைக்கால் ஊன்றித் தவம் இருக்கிறாள். நம் முன்னோர் ஒற்றைக்காலைக் கடுந்தவத்தின் அடையாளமாகப் பார்த்தார்கள். அதை வயதானவர்களின் எலும்பையும் தசையையும் காக்கும் பயிற்சியாகப் பார்ப்பது நம் காலத்தின் பார்வை.

முதலில் வலு. ஓர் ஆசனத்தில் அசையாமல் நிற்கும்போது தசை நீளமும் மாறாமல், மூட்டும் அசையாமல் இறுகி உழைக்கிறது. ஐயங்காரின் வீரபத்திராசனத்தில் கால்களை நான்கு, நான்கரை அடி அகட்டி, முன்தொடை தரைக்கு இணையாக வரும்வரை முழங்காலை மடக்கி, இருபது விநாடி முதல் அரை நிமிடம் வரை இருக்கச் சொல்கிறார்கள். பத்தாவது விநாடியில் தொடை நடுங்கத் தொடங்கும். இந்த வகை உழைப்புக்கு அண்மையில் ஒரு நல்ல சாட்சியம் கிடைத்திருக்கிறது. 2023-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 270 சோதனைகளையும் 15,827 பேரையும் தொகுத்து ஆராய்ந்தார்கள். நடை, ஓட்டம், எடைப்பயிற்சி எல்லாவற்றையும்விட அசையாமல் பிடித்து நிற்கும் பயிற்சிகளே இரத்த அழுத்தத்தை அதிகம் குறைத்தன: மேல் அளவு சராசரியாக 8 புள்ளிகள், கீழ் அளவு 4 புள்ளிகள். அவற்றிலும் சிறந்து நின்றது, சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் முழங்காலை மடக்கி நிற்பது. உத்கடாசனத்துக்கு நெருங்கிய உறவு அது. சுவரை ஆசனத்துக்குள் கொண்டுவந்தவர் ஐயங்கார் என்பதை நினைக்கும்போது இது அவருடைய வழிக்குக் கிடைத்த பெருமை என்றே சொல்வேன்.

இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. பிடித்து நிற்கும் அந்த நேரத்தில் அழுத்தம் ஏறும். மூச்சையும் சேர்த்துப் பிடித்தால் இன்னும் ஏறும். பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி நிற்கிறவரை உடனே நிறுத்திவிட வேண்டும். குப்பத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 'பிரஷர் மாத்திரை போடுறீங்களா' என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் தொடங்குவேன். இன்னொன்று, அசையாப் பயிற்சியில் கிடைக்கும் வலு எந்தக் கோணத்தில் பிடித்தோமோ அந்தக் கோணத்திலும் அதையொட்டிய சில டிகிரிகளிலுமே பெரிதும் சேர்கிறது. முழங்காலைத் தொண்ணூறு டிகிரியில் நிறுத்திப் பழகியவருக்கு, தாழ்ந்த பலகையிலிருந்து எழும்போது நடுவழியில் வரும் கோணங்களில் அதே வலு தானாக வந்துவிடாது.

தேசிகாச்சாரின் வீரபத்திராசனம் அந்த நடுவழியில்தான் வேலை செய்கிறது. ஒரு காலை முன்னால் எடுத்துவைத்து, மூச்சு உள்ளே வரும்போது முழங்காலை மடக்கி மார்பை முன்னே கொண்டுபோய், வெளியே போகும்போது காலை நீட்டித் திரும்புகிறோம். முழங்கால் தன் வழி முழுவதையும் எடையோடு கடக்கிறது, திரும்பவும் கடக்கிறது. தொடை நடுங்கும் அளவுக்கு அந்தச் சுமை ஒரே இடத்தில் தேங்காது. ஆகவே இளைஞருக்கும் உழைத்து உரமேறிய காலுக்கும் இது போதாது என்று தோன்றும், தோன்றுவது சரியும்கூட. அதைச் சமன்செய்யத்தான் கடைசிச் சுற்றில் கீழே தங்கச் சொல்கிறார்கள்.

தாடாசனத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். ஐயங்காரின் தாடாசனம் நேராக நிற்பது மட்டுமே. குதிகால், பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி மூன்றும் சமமாகத் தரையை அழுத்துகின்றனவா, செருப்பு ஒருபக்கமாகத் தேய்கிறதா, இடுப்பு முன்னே தள்ளியிருக்கிறதா என்று பார்ப்பதே பாடம். தேசிகாச்சாரின் வழியில் தாடாசனம் என்றால் கைகளை மேலே உயர்த்தியபடி குதிகாலைத் தூக்கி, விரல்களில் நிற்பது. மூச்சோடு ஏறி, மூச்சோடு இறங்க வேண்டும். கெண்டைக்கால் தசையும் கணுக்காலும் அங்கே நன்றாக உழைக்கும். தடுமாறும்போது நம்மை முதலில் காப்பது கணுக்கால்தான். அது வலுவிழந்தால் அடுத்த பொறுப்பு இடுப்புக்குப் போகும். இடுப்பாலும் முடியாவிட்டால் ஓர் அடி எடுத்துவைத்தே தப்பிக்க வேண்டும்.

இனி சமநிலை. இந்த ஒப்பீட்டின் சாரம் இங்கேதான். கண், உள்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்வு நரம்புகள் ஆகிய மூன்றும் அனுப்பும் செய்திகளை மூளை சேர்த்துப் பார்த்து, நொடிக்கு நொடி உடம்பைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ் தசை இறுகி, இடுப்பு மறுபக்கம் சரியாமல் தாங்குகிறது. அப்போது அந்த இடுப்பு மூட்டின்மேல் இறங்கும் சுமை உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆகவே விருட்சாசனத்தில் சிலைபோல் நிற்பதாகத் தோன்றுகிறவரின் கணுக்காலைக் கிட்டே குனிந்து பாருங்கள்: தசைநாண்கள் ஓயாமல் மேலும் கீழும் துடித்துக்கொண்டிருக்கும், விரல்கள் தரையைப் பற்றிப் பற்றி விடும்.

2022-இல் பிரேசில் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரை வெறுங்காலோடு பத்து விநாடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். ஐவரில் ஒருவரால் முடியவில்லை. 51 முதல் 55 வயதினரில் நிற்க முடியாதவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். 71 முதல் 75 வயதினரில் பாதிக்கு மேல். அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு, நிற்க முடியாதவர்களிடம் 84 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஒற்றைக்காலில் நின்று பழகினால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருளில்லை. உடம்பு உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கால் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஐயங்கார் வழியைச் சமநிலைக்காகவே சோதித்த ஆய்வு ஒன்று சிட்னியில் நடந்தது. மூத்தவர்கள் 54 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. பன்னிரண்டு வாரம் நின்ற ஆசனங்களைப் பழகியவர்களுக்கு ஒற்றைக்காலில் நிற்பதும் நாற்காலியிலிருந்து எழுவதும் நடையும் மேம்பட்டன. தேசிகாச்சார் மரபிலிருந்து கிளைத்த பயிற்சியை 2005-இல் சியாட்டிலில் 101 பேரிடமும், ஐயங்கார் வழியை 2009-இல் 90 பேரிடமும் முதுகுவலிக்காகச் சோதித்தார்கள். இரண்டும் பலன் கொடுத்தன. தனித்தனி ஊரில், தனித்தனி ஆட்களிடம் நடந்தவை. ஒன்றைவிட ஒன்று மேல் என்று அவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தீர்ப்புக்கு உதவக்கூடியது வேறோர் உண்மை. 2016-இல் சமநிலைப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எந்தச் செயலைப் பழகினார்களோ அதில்தான் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பழகாத வேறொரு சமநிலைச் செயலுக்கு அது அவ்வளவாகத் தாவவில்லை. இதை நான் நொச்சிக்குப்பத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய ஒரு மீனவர், போட்டின் அணியத்தில், அலை தூக்கித் தூக்கிப் போடும்போது ஒரு காலை விளிம்பில் முட்டுக்கொடுத்து வலை இழுக்கிறவர். சிமென்ட் தரையில் விருட்சாசனத்தில் நிற்கச் சொன்னதும் தள்ளாடினார். சிரிக்கவில்லை, யோசித்தார். "தரை ஆட மாட்டேங்குதே டீச்சர், அதான் ஒரு மாதிரி இருக்குது" என்றார். கடலில் அவருடைய முழங்கால் ஒருபோதும் நீண்டு நிற்பதில்லை, தளர்ந்தே இருக்கும். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடை ஓடிக்கொண்டே இருக்கும். அலையின் தாளத்துக்குப் பழகிய அந்தச் சமநிலை, ஆடாத தரையில் ஆதாரம் இல்லாமல் திகைத்தது.

அவருக்கு நான் ஐயங்காரின் வழியைத்தான் சொல்வேன். அசைந்து நிற்பது அவருக்கு நாள்தோறும் கடலிலேயே கிடைக்கிறது. கிடைக்காதது நின்று பார்க்கும் அவகாசம். பல ஆண்டுகள் ஒரே பக்கமாக நின்று வலை இழுத்து, ஒரே கையால் இன்ஜின் பிடியைப் பிடித்துத் திருப்பிய உடம்பு அது. சுவரில் முதுகு ஒட்டத் திரிகோணாசனத்தில் சாயவைத்தபோது, வலப்பக்கம் சாய்கையில் இரண்டு தோளும் சுவரைத் தொட்டன. இடப்பக்கம் சாய்ந்ததும் வலத்தோள் நாலு விரல்கடை முன்னே வந்துவிட்டது. அவருக்கே அது தெரியாது. சுவர் சொல்லித்தான் தெரிந்தது. கையைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று ஒரு செங்கல்லை நிமிர்த்திவைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தோளைப் பின்னே கொண்டுபோகச் சொன்னபோது, "இழுக்குது, ஆனா நல்லா இழுக்குது" என்றார். எங்கே கோணல் என்று உடம்புக்குள் காட்டிக்கொடுக்கும் கூர்மை ஐயங்காருடையது. மூச்சோடு போய்வருகிற வேகத்தில் இந்தக் கோணல் ஒளிந்துகொள்ளும்.

பெண்களின் கதை வேறு. தாழ்ந்த பலகையிலோ முக்காலியிலோ உட்கார்ந்து, முழங்கால் மடங்கியபடி, முன்னே குனிந்து மீன் விற்கவும் அரிந்துகொடுக்கவும் பொழுதெல்லாம் போகிறது. சாலையோரத்தில் விற்றபோதும் அப்படித்தான்; 2024-இல் லூப் சாலையில் புதிய மீன் அங்காடி வந்த பிறகும் உட்கார்கிற நேரம் குறைந்துவிடவில்லை. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அக்கா ஒருவர் சொன்னது: "எந்திரிக்கிறதுதான் பெரும்பாடு டீச்சர். எந்திரிச்சிட்டா பீச்சு முழுக்க வேணா நடந்துட்டு வருவேன்." அவர் எழுவதைக் கவனித்தேன். ஒரு கை ஐஸ் பெட்டியின் விளிம்பில், மறுகை தொடையில். உடம்பு முழுக்க முன்னால் சரிந்து, ஓர் உந்தலில் மேலே வந்து, நிமிர்வதற்கு முன் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு நொடியில், மீன் கழுவிய ஈரத் தரையில், வழுக்கி விழுவதற்கான எல்லாம் இருந்தது.

இவரை நான்கரை அடி அகட்டி நிற்கவைத்து முழங்காலைத் தொண்ணூறு டிகிரிக்கு மடக்கச் சொல்வது தவறு. அவருடைய முழங்கால் நாள் முழுவதும் மடங்கியேதான் கிடக்கிறது. அதற்கு வேண்டியது மடங்கி நீள்வதும், அந்த நீளுதலில் எடையைத் தாங்குவதும். 2019-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வும் இதற்குத் துணைநிற்கிறது. 108 சோதனைகள், 23,407 மூத்தவர்கள். உடற்பயிற்சி செய்தவர்களிடம் கீழே விழுவது 23 விழுக்காடு குறைந்தது. அதில் உறுதியான சான்று கிடைத்தவை சமநிலைப் பயிற்சிகளும் அன்றாடச் செயல்களை ஒத்த பயிற்சிகளும்: எழுவது, உட்கார்வது, எட்டி எடுப்பது, அடி எடுத்துவைப்பது, திசை மாறுவது. நிலைக்குள் போவதும் வெளியே வருவதுமே பாடம் என்று வைத்த தேசிகாச்சாரின் வழி இதற்கு மிக நெருங்கி வருகிறது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மூச்சை விட்டபடி அதில் உட்காரப் போய், உட்காராமலே மூச்சை இழுத்தபடி எழுவது; நாற்காலியின் முதுகைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது; ஓர் அடி முன்வைத்து வீரபத்திராசனத்தில் போய்வருவது. இவை மூன்றும் கைவந்த பிறகுதான் ஒற்றைக்கால். அதிலும் முதலில் பாதத்தைத் தொடைவரை தூக்க வேண்டாம். விரல்நுனி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும்.

இடமும் உடையும் இதில் பேசப்படாத பெரிய விஷயங்கள். வாரியக் குடியிருப்பின் ஓர் அறையில் கட்டில், பீரோ, தண்ணீர்க் குடங்கள் போக மிஞ்சுகிற தரையில் கால்களை நான்கரை அடி அகட்டி, கைகளையும் விரிக்க முடியாது. ஓர் அடி முன்வைக்க முடியும். நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு வருகிற பெண்ணுக்குக் கால்களை அகல விரித்து நிற்பது கூச்சம். முழங்கால் சில்லு மேலே ஏறியிருக்கிறதா என்று ஆசிரியர் பார்க்கவும் முடியாது. மணலில் போய்ச் செய்யலாமே என்பார்கள். மணல் நடைக்கு நல்லது. கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றலை வாங்கும். ஆனால் பாதத்தின் மூன்று மூலைகளும் சமமாக அழுத்துகின்றனவா என்று மணலில் தெரிந்துகொள்ள வழியில்லை. அழுத்தும் பக்கம் புதைந்துபோய்க் கோணலை மறைத்துவிடும். ஐயங்காரின் பாடத்துக்குக் கெட்டித் தரையும் சுவரும் கட்டாயம். குடியிருப்பின் மாடி நடையில் இரண்டும் இருக்கின்றன.

ஆக, என் கணிப்பில் மீன் விற்கும் அக்காவுக்குத் தேசிகாச்சார், வலை இழுக்கும் அண்ணனுக்கு ஐயங்கார். லூப் சாலையில் நடக்க வருகிற ஓய்வுபெற்றவர் இருவருக்கும் நடுவே எங்கோ இருக்கிறார். முதல் சில மாதங்கள் அசைந்து பழகி, பிறகு நின்று பழகலாம். ஆனால் ஆளுக்கேற்ற வழி என்று எளிதாகச் சொல்லிவிடும் இந்தக் கணிப்புக்குக் குப்பத்தில் ஒரு விலை இருக்கிறது. தேசிகாச்சாரின் வழி ஒருவருக்கு ஓர் ஆசிரியர் என்று வளர்ந்தது. மீன் வரத்து இல்லாத நாளில் தனி ஆசிரியருக்கான கட்டணத்தைக் கொடுக்கிறவர்கள் அங்கே இல்லை. ஐயங்காரின் வழிக்குக் கூட்டம் பொருந்தும். எல்லோருக்கும் ஒரே ஆசனம், ஒரே அளவு. அதனால் ஓர் ஆசிரியர் முப்பது பேரையும் ஒரே பார்வையில் திருத்த முடியும். தனித்தனியாகக் கவனிக்க வேண்டியவர்களுக்குக் கூட்ட வகுப்பும், கூட்டத்திலேயே பழகக்கூடியவர்களுக்குத் தனி வகுப்பும் கிடைக்கிற நிலைமைதான் இன்று இந்த நகரத்தில் இருக்கிறது.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. பிற்பகலில் வியாபாரம் ஓய்ந்து, கூடையைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, மாடி நடையில் நான்கைந்து பேர் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி, முதுகுக்குச் சுவர். வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியர் வந்து ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அளவு சொல்லிவிட்டுப் போகலாம்; மற்ற நாட்களில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த அக்கா இப்போதே பக்கத்துக் கடைப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "மூச்ச வுட்டுட்டு உக்காரு. மூச்ச இழுத்துட்டு எந்திரி. பொட்டியப் புடிக்காத."